பல நாள் விழாக்களில் வீட்டுச் சமையல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு நாளோடு முடியும் விழாக்கள் குறைவு. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் ஆடி அமாவாசைக்கு அடுத்து வரும் சஷ்டியில் கொடியேறி, ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள் நடக்கிறது. புரட்டாசியில் நவராத்திரி ஒன்பது இரவு, பத்தாம் நாள் விஜயதசமி. ஐப்பசி அமாவாசை கழிந்த பிரதமையில் தொடங்கும் கந்தசஷ்டி விரதம் ஆறு நாள், ஏழாம் நாள் பாறணை. கார்த்திகையில் விளக்கீடு. தையில் பொங்கல், மறுநாள் பட்டிப் பொங்கல். இந்த நாள்களில் குசினி முந்தித் திறந்து பிந்தி மூடுகிறது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து தங்கும் உறவினரால் உலை இரட்டிக்கிறது. சமைப்பவரோ அரைப் பட்டினி, அரைத் தூக்கம்.

முதல் நாள் எல்லாருக்கும் கவனம் இருக்கும். எந்தச் சட்டி எதற்கு, யார் அடுப்படியில் நிற்பது என்று பேசி வைத்துத்தான் சமையல் தொடங்கும். நாள் போகப் போக அந்தப் பேச்சு நின்றுவிடும். பூசைக்கு நேரமாகிறது என்று அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் புறப்படுவது, நேற்றுப் பொரித்த எண்ணெயை இன்றும் நாளையும் சுட வைப்பது, மிஞ்சிய கறியை இரவு முழுவதும் அடுப்பிலேயே விடுவது எல்லாம் ஐந்தாறு நாளுக்குப் பிறகு தலைகாட்டும் பழக்கங்கள். ஆகவே பல நாள் விழாவுக்கான பாதுகாப்பு என்பது முதல் நாளின் உசாரை நம்புவது அல்ல. களைத்த மனிதரும் தவறவிட முடியாதபடி குசினியை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைப்பது.

அடுப்பைத் தனியே விடும் நேரம்

யூதரின் பெருநாள்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக உண்டு. அந்நாள்களில் சமைக்கலாம், ஆனால் புதிதாகத் தீ மூட்டக் கூடாது, ஏற்கெனவே எரியும் தீயிலிருந்தே எடுக்க வேண்டும். இஸ்ரேலுக்கு வெளியே பெரும்பாலான பெருநாள்கள் இரண்டு நாள் நீளும். ஓய்வுநாளும் ஒட்டி வந்தால் மூன்று நாள். அதனால் அடுப்பின் ஒரு சுடரையோ மின்சாரச் சூடாக்கும் தட்டையோ இரவு பகலாக அணைக்காமல் விடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 2015 மார்ச் 21 அதிகாலை நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில், ஓய்வுநாளுக்காக இப்படி விடப்பட்ட சூடாக்கும் தட்டிலிருந்து தீ பரவி, ஒரே குடும்பத்தின் ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே புகை எச்சரிக்கைக் கருவி நிலக்கீழ் அறையில் இருந்தது. மேல்மாடியில் உறங்கியவர்களுக்கு அது உதவவில்லை.

யாழ்ப்பாணத்தில் அடுப்பை எரியவிடும்படி எந்தச் சமய விதியும் சொல்லவில்லை. இங்கே அடுப்பைத் தனியே விட வைப்பது கோயில் மணி. நல்லூரில் பூசையும் சுவாமி புறப்பாடும் நேரம் தவறாமல் நடக்கும் என்பது ஊரறிந்த செய்தி. தேரன்று விடியற்காலையிலேயே வீதி நிறைந்துவிடும். ‘பருப்பு அவியட்டும், கும்பிட்டுவிட்டு ஓடி வரலாம்’ என்று கிளம்புபவர் சனத்துக்குள் அகப்பட்டு இரண்டு மணி நேரம் கழித்தே திரும்புவார். அதற்குள் தண்ணீர் வற்றி, பருப்புக் கருகி, பிடி உருகி, பக்கத்தில் கிடந்த துணி பற்றுவதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.

இதற்கு ஒரே விதிதான் உண்டு: வீட்டில் வளர்ந்தவர் ஒருவர் விழித்திருக்காவிட்டால் எந்த அடுப்பும் எரியக் கூடாது. வீடு பூட்டப்படும்போது எரிவாயு சிலிண்டரின் றெகுலேற்றரும் மூடப்பட வேண்டும். யார் கடைசியாக வெளியேறுகிறாரோ அவர் கையால் றெகுலேற்றரைத் தொட்டுப் பார்த்த பிறகே கதவைச் சாத்துவது என்று குடும்பத்துக்குள் வழக்கம் ஆக்கிக்கொண்டால், ‘நீ மூடியிருப்பாய் என்று நினைத்தேன்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. சூடு ஆறாமல் இருக்க வேண்டிய சோற்றை அடுப்பில் விடுவதை விட, வாய் அகன்ற சூடுகாப்புப் பாத்திரம் ஒன்றை வாங்கிவிடுவது மலிவு.

எரிவாயு

வீடுகளில் பெரும்பாலும் உள்ளது 12.5 கிலோ சிலிண்டர். சிறு குடும்பங்களில் 5 கிலோ. இந்த வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே எழும்பிக் கலைந்து போகாது. தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். விழாக் காலத்தில் தரையில்தான் குத்துவிளக்கு எரிகிறது, சாம்பிராணித் தட்டும் அங்கேதான் புகைகிறது. குசினியை ஒட்டிச் சாமியறை உள்ள வீடுகளில் இவ்விரண்டுக்கும் இடையே கதவு நிலையில் ஓர் அங்குல உயரப் படி கூட இராது. அத்தகைய வீட்டில் சிலிண்டரை வெளிச்சுவர்ப் பக்கம் நிழலில் நிமிர்த்தி வைத்து, குழாய் வழியே உள்ளே கொண்டுவருவது நல்லது. அதற்கு வசதியில்லை என்றால், விளக்கு குசினித் தரையில் வேண்டாம்.

2021 இறுதியில் இலங்கை முழுவதும் எரிவாயு வெடிப்புகளும் தீவிபத்துகளும் அடுத்தடுத்து நடந்தன. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதை முக்கிய காரணமாகச் சுட்டியது. புரொப்பேன் கூடினால் உள்ளழுத்தம் கூடும். பழைய ஹோஸும் தளர்ந்த இணைப்பும் அதைத் தாங்கா. வீட்டுக்காரர் கலவையைச் சோதிக்க முடியாது. ஹோஸைச் சோதிக்க முடியும். கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் ஹோஸை வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டும். பிறகு சவர்க்கார நுரையை றெகுலேற்றர் மூட்டிலும் ஹோஸின் இரு முனையிலும் தடவ வேண்டும். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனையே அல்ல.

வாசனை வந்தால் மின்விசிறியைப் போடுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். அதுவே கூடாத காரியம்; ஆளியைத் தட்டும்போது எழும் பொறி போதும். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரியும் சுடர்களை அணைத்து, றெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். வாசனை கடுமையாக இருந்தால் இவை ஒன்றுக்கும் நில்லாமல் ஆட்களை வெளியேற்றுவதே முதல் வேலை.

குக்கருக்கு ஒரு வார்த்தை. பயறு, பருப்பு, கடலை ஆகியவை நுரைத்துப் பொங்குபவை. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை ஆவித் துளையை அடைக்கும். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் கடலை அவிக்கும் வீட்டில் அந்தத் துளையை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும்.

விறகடுப்பும் சோளகமும்

2022இல் எரிவாயு கிடைக்காமல் போன மாதங்களில் பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. மண்ணெண்ணெயும் கைகொடுக்கவில்லை, அந்த ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அப்போது கொல்லைப்புறத்தில் அவசரமாகக் கட்டிய அடுப்புகள் சில இன்றும் பாவனையில் உள்ளன. விழாவுக்கு அண்டாவில் சமைக்கும்போது அவையே வசதி.

நல்லூர்க் காலம் சோளகக் காலம். ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, மழையற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் கிடுகு வேலிக்கும் பனையோலை வேலிக்கும் மேலாக அடிக்கிறது. அடுப்பில் வைப்பதோ தென்னம்பாளை, பன்னாடை, கொக்கரை, ஊமல். பாளையும் பன்னாடையும் குபீரென்று பற்றி, எரிந்த துண்டு காற்றில் எழும்பிப் பறக்கும். தீ மூட்ட அவை நல்லவை. தொடர்ந்து எரிக்க ஊமலும் கட்டை விறகுமே ஏற்றவை. அடுப்புக்கு வடகிழக்கே, அதாவது சோளகம் பொறியைக் கொண்டுபோகும் பக்கத்தில், வேலியோ ஓலைக் கொட்டிலோ வைக்கோலோ இருந்தால் அந்த இடம் ஆகாது. தென்மேற்கில் இரண்டு தகரத்தை நிறுத்தி மறைப்புக் கட்டினால் விறகும் மிச்சம். தைப்பொங்கலுக்கு இந்தக் கணக்கு மறுபக்கம் திரும்பும். அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். சூரியன் எழும் திசை பார்த்துப் பானை வைப்பவர், காற்றுப் போகும் திசையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

முற்றத்து அடுப்புக்குக் கல் எடுக்கும்போது மழையில் நனைந்த கல்லைத் தவிர்க்க வேண்டும். உள்ளே ஊறிய நீர் சூடேறிக் கல்லை வெடிக்க வைக்கும். பானை சரிவது பெரும்பாலும் கல் அசைவதால்தான். நிறைந்த பானையை ஏற்றுமுன் வெறும் பானையை வைத்து ஆட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பொங்கலன்று சீனவெடி கொளுத்தும் பிள்ளைகளுக்கும் அடுப்புக்கும் இடையே முற்றத்தின் முழு நீளமும் இருக்கட்டும்.

அணைந்துபோன விறகின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது மிகப் பழைய தவறு. சாம்பலுக்குள் தணல் இருந்தால் ஊற்றிய எண்ணெய் முதலில் ஆவியாகி, பிறகு முகத்துக்கு நேரே பற்றும்.

புகைபோக்கி இல்லாத, யன்னல் அடைத்த குசினியில் விறகோ கரியோ எரித்தால் காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் தலைச்சுற்றும் வாந்தியும் வந்தால் விரதக் களைப்பு என்று படுக்க விடக் கூடாது; வெளிக்காற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். மின்வெட்டுக்கு ஓடும் ஜெனரேற்றரும் இதே வாயுவைத் தருவதால் விறாந்தையிலும் அதை வைக்கக் கூடாது.

எண்ணெய்த் தாச்சி

வடையும் மோதகமும் முறுக்கும் பயற்றம் பணியாரமும் அரியதரமும் இல்லாத விழா இல்லை. ஆகவே குசினியில் மிகக் கவனம் கேட்பது தாச்சிதான். எண்ணெய் பாதித் தாச்சிக்கு மேல் வேண்டாம். அரியதரத்தில் உள்ள சர்க்கரைப் பாகு எண்ணெயை நுரைக்கச் செய்யும். நிறைந்த தாச்சி வழிந்து அடுப்பில் ஊற்றும். உழுந்து மாவில் காற்றும் நீரும் அடைபட்டால் வடை வெடித்துத் தெறிக்கும். நடுவில் துளையிடுவது அழகுக்கு மட்டும் அல்ல. உட்புறத்து ஆவி வெளியேறவும் அதுவே வழி. முறுக்கு உரலை எண்ணெய்க்கு நேர் மேலே பிழிவதை விட, ஓலைத் தட்டில் பிழிந்து சரித்து விடுவது கையைக் காக்கும்.

எண்ணெய் புகையத் தொடங்கினால் அது தீப்பிடிக்க நெருங்கிவிட்டது என்று பொருள். அடுப்பை உடனே அணைக்க வேண்டும். பல தடவை பொரித்த எண்ணெய் புதிய எண்ணெயை விடக் குறைந்த சூட்டிலேயே புகையும். தேர்நாள் வடைக்குக் கொடியேற்றத்து எண்ணெயை வைத்திருப்பது சிக்கனமாகாது.

தாச்சியில் தீ எழுந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீர் அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அதே அளவு தீங்கு. மூடியைப் பக்கவாட்டிலிருந்து சறுக்கி மூடி, அடுப்பை அணைத்து, முழுவதும் ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். இதற்காகப் பொரிக்கத் தொடங்குமுன் தாச்சிக்குப் பொருந்தும் உலோக மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பரணில் இருக்கும் மூடி பயன்படாது. நைலோன், பொலியெஸ்டர் உடைகள் பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்படிக்குப் பருத்தி, அதுவும் இடுப்பில் செருகிய தலைப்போடு. கோயிலுக்கு உடுத்த பட்டோடு பொரிக்க நிற்பது வேண்டாத அவசரம்.

சமைத்ததும் மிஞ்சியதும்

நல்லூரின் 25 நாளும் மச்சம் புழங்காத வீடுகள் ஏராளம். மச்சச் சட்டிகள் ஒதுக்கப்பட்டு, ஆண்டுக்கொரு தடவை எடுக்கும் பித்தளைப் பாத்திரங்கள் இறங்குகின்றன. உள்ளே வெள்ளீயப் பூச்சுத் தேய்ந்த பித்தளையிலோ செம்பிலோ புளிக்குழம்பும் தயிர்ப் பச்சடியும் வைத்தால் செம்பு உணவில் கரைந்து வாந்தி வரச் செய்யும். பூச்சைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது அவற்றைத் தண்ணீர் நிரப்பவும் பொங்கல் பொங்கவும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மரக்கறிச் சாப்பாடு என்பதால் பழுதாகாது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. தேங்காய்ப் பால் விட்ட கறி, பச்சைத் தேங்காய்ச் சம்பல், அவித்த பருப்பு, சோறு எல்லாம் கிருமிக்கு நல்ல விளைநிலம். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் பெருகும். ஆவணி மாதத்துக் குசினி அந்த எல்லைக்கு நட்டநடுவில் நிற்கிறது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காலை ஏழுக்குச் சமைத்துவிட்டுத் தேர் பார்த்து, மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிடும் வீட்டில் இந்த எல்லை மூன்று மடங்கு தாண்டிவிடுகிறது. பால்கறியையும் சம்பலையும் திரும்பி வந்த பிறகு செய்வது, புளிக்குழம்பையும் பொரியலையும் முன்கூட்டிச் செய்வது என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பும். சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைப்பதால் அழியாது. ‘நன்றாகக் கொதிக்க வைத்தால் சரி’ என்பது சோற்றுக்குச் செல்லாது. மிஞ்சிய சோற்றை ஆழமான பானையில் விடாமல் அகன்ற தட்டில் பரப்பி ஆற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நீர் ஊற்றி வைக்கும் பழஞ்சோறு புளிப்பேறுவதால் ஓரளவு தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தக் காப்பு குக்கரில் மறந்துபோன சோற்றுக்குக் கிடையாது. பெட்டியையும் திணிக்கக் கூடாது. குளிர்காற்று சுற்ற இடமில்லாவிட்டால் அது வெறும் அலுமாரி.

வந்திருக்கும் விருந்தினருக்குத் தண்ணீர் இன்னொரு விடயம். குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரை நம்பியவை. மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவு அங்கே எளிதில் சேரும். கந்தசஷ்டி மாரி மழையோடு வருவதால் அந்த ஆபத்து கூடும். ஊர்த் தண்ணீர் வயிற்றுக்குப் பழகியவருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம்; குழந்தைகளுக்கும் வந்தவர்களுக்கும் கொதித்தாறிய நீரே கொடுக்க வேண்டும். மோருக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும் அதே நீர்தான்.

பாறணை விடியல்

கந்தசஷ்டியில் ஆறு நாள் பாலும் பழமும், சிலர் வெறும் நீரும் மட்டும் கொண்டு இருந்தவர்கள், ஏழாம் நாள் இருட்டோடு எழுந்து பல கறிகளோடு பாறணை சமைக்கிறார்கள். ஆண்டில் குசினிக்கு மிக ஆபத்தான மணித்தியாலம் இதுதான் என்று துணிந்து சொல்லலாம். எழும்போது தலைசுற்றும், கை நடுங்கும், கொதிக்கும் உலையை வடிக்க வலு இராது. விரதம் இல்லாத ஒருவர் அடுப்பைப் பார்க்க வேண்டும். விரதகாரர் காய் நறுக்குவதோடு நிற்கட்டும். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர் விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டிருக்க வேண்டும்.

விளக்கு

விளக்கீட்டன்று வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன் மேல் தீபம் ஏற்றுவதும், எண்ணெயில் தோய்த்த பந்தக்குச்சிகளை வளவின் மூலைகளில் குத்துவதும் குடாநாட்டு வழக்கம். குச்சி வேலியிலிருந்து எட்டி நிற்க வேண்டும். எரிந்து முடியும் வரை ஒருவர் வளவைச் சுற்றி வர வேண்டும். சாமியறையில் இரவு முழுவதும் விளக்கு எரிய வேண்டும் என்று விரும்புவோர் அதை நீர் நிரப்பிய அகன்ற தாம்பாளத்தின் நடுவே, திரைச்சீலைக்கு அப்பால் வைக்கலாம்.

மின்சாரம் அற்றிருந்த 1990களில் யாழ்ப்பாணத்தவர் ஜாம் போத்தலில் திரி இட்டுப் படித்தார்கள், சமைத்தார்கள். அத்தகைய போத்தல் விளக்குகள் இலங்கை முழுவதும் ஏற்படுத்திய தீக்காயங்களைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் குட்டையான, பாரமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடியுள்ள விளக்கை வடிவமைத்தார். அது விழாது, விழுந்தாலும் உருளாது, எண்ணெயும் சிந்தாது. 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். மின்வெட்டுக்கு விளக்கு வாங்குபவர் இந்த மூன்று குணங்களையும் பார்த்து வாங்க வேண்டும்.

சுட்டுவிட்டால்

சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம். மோதிரம், காப்பு, கடிகாரம் வீங்குமுன் கழற்றப்பட வேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் பூசக் கூடாது. அவை சூட்டை உள்ளே அடக்கும், வைத்தியருக்குக் காயத்தையும் மறைக்கும். ஒட்டிய துணியை இழுக்காமல் சுத்தமான சீலையால் தளர்வாக மூட வேண்டும். கொப்புளம் உள்ளங்கையை விடப் பெரிதானாலும், முகம், கை, மூட்டு, குழந்தையின் உடல் எங்கே சுட்டாலும் வைத்தியசாலைதான்.

நல்லூர்த் திருவிழாவின்போது கோயிலைச் சூழ்ந்த வீதிகள் தடை போட்டு மூடப்படும். அந்தச் சுற்றுக்குள் குடியிருப்போர், வாகனம் எந்தப் பக்கத்தால் உள்ளே வரலாம் என்பதைக் கொடியேற்றத்துக்கு முன்பே விசாரித்து, யாழ்ப்பாணம் மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தோடு சேர்த்துக் குசினிக் கதவில் எழுதி ஒட்ட வேண்டும். நோயாளர் காவு வண்டிக்கு அழைக்க வேண்டிய இலக்கம் 1990. வட மாகாணத்தில் 2018 ஜூலை முதல் இயங்கும் அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.